மழைக்குழாய்க்குப் பின்னால் ஒரு பெட்டி

“உன் சர்ச்சுல ஒரு பெட்டியை ஒளிச்சு வைக்கணும்.”

“யார் வீட்டுப் பெட்டி?”

“நம்ம வீட்டுதுதான். உன் டிபன் பாக்ஸ்.”

“என்னோடதா? ஏன், உங்களோடது என்ன பாவம் பண்ணுச்சு?”

“அது மூடி லூஸு. உன்னோடது நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுது. தண்ணி இறங்காது.”

“அப்போ மத்தியானச் சாப்பாட்டை நான் முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போறதா?”

“புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்.”

“தருவீங்க, தருவீங்க.”

“குருவானவர்கிட்ட நீயே ஒரு வார்த்தை கேட்டுடு. நான் கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பார். நீ கேட்டா தட்ட மாட்டார்.”

சனிக்கிழமை காலை, பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து வௌவால் எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. ஐந்தாறு வருஷத்துப் பழைய பேச்சு. புது டிபன் பாக்ஸ் இன்றுவரை வந்து சேரவில்லை. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. அன்றைக்குக் கணவரின் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அதை இன்னொரு தரம் கேட்கத்தான் அவ்வப்போது அந்தப் பேச்சைக் கிளறி எடுப்பாள்.

ஊரில் எல்லோருக்கும் அவள் சாவிக்காரம்மா. அந்த ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் சாவிகள் அத்தனையும் அவள் இடுப்பில்தான் தொங்கின. பெரிய கதவு, மணிக்கூண்டு, அங்கிகள் மாட்டும் வெஸ்ட்ரி அறை, கல்லறைத் தோட்டத்து இரும்பு கேட். கட்டிடத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல். கப்பலில் வந்த மணி, இறக்கை விரித்து பைபிளைத் தாங்கி நிற்கும் பித்தளைக் கழுகு, காய்ச்சலில் போனவர்கள், கடலில் போனவர்கள் என்று சுவரெல்லாம் பளிங்கில் செதுக்கிய பெயர்கள். பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவர்கள் வாயைப் பிளக்கும் இடமெல்லாம் அவளுக்குத் தூசி துடைக்க வேண்டிய இடம். கழுகின் இறக்கைகளுக்கே ஒரு டப்பா பாலிஷ் போகும்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. இன்னும் எத்தனை காலத்துக்கு இப்படி என்று கேட்டுக்கொள்வதையும் விட்டுவிட்டாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவள்தானே.

பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வெளியே தெற்குச் சுவரோரம் ஒரு ஆணும் பெண்ணும் தெரிந்தார்கள். அவன் கையில் போன். அவள் கல்லையும் புல்லையும் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கடந்து போனால் இரண்டு பேரும் சட்டென்று நிமிர்ந்து, கோபுரத்தின் அழகில் மயங்கி நிற்பதுபோல் பாவனை செய்தார்கள். பாவனை சரியாக வரவில்லை. காணாமல்போன கம்மலைத் தேடுகிறவர்கள் முகத்தில் கோபுர அழகு எப்படி வரும்?

அவர்கள் தேடியது அந்த டிபன் பாக்ஸைத்தான்.

அது உலகம் முழுக்க ஆடுகிற ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் எங்கேயாவது ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் குறியீட்டை இணையத்தில் போடுவார். முகம் தெரியாத யாரோ போனைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும். பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது. கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம் மட்டும்தான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவர், லிஃப்ட் சரியாகும்வரை கதவிடுக்கு வழியாக இந்த விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாராம். வெளியே வந்த கையோடு அவருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “பயத்துல கத்துவாங்க, அழுவாங்க, பார்த்திருக்கேன். இவர் ஒருத்தர்தான் எனக்குப் பாடம் எடுத்தார்” என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரமே டிபன் பாக்ஸுக்குக் கேடு வந்தது.

குருவானவரிடம் அவள்தான் கேட்டாள். கல்லறைகளைத் தொடக் கூடாது, சுவரைத் தோண்டக் கூடாது, ஆராதனை நேரத்தில் யாரும் தேடக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டு அவர் அனுமதித்தார். தெற்குச் சுவரில் இறங்கும் இரும்பு மழைக்குழாய்க்குப் பின்னால், தாங்குசுவர் சுவரோடு சேரும் மூலையில் ஒரு பொந்து இருந்தது. பெட்டி அங்கே போய் உட்கார்ந்தது.

இப்போது அது அங்கே இல்லை. வெஸ்ட்ரி அலமாரியில், மெழுகுவர்த்திக் கட்டுகளுக்குப் பின்னால், துணி சுற்றி இருந்தது. வைத்தவள் அவளேதான்.

வெளியே அந்தப் பெண் கையை உதறினாள். “இல்லப்பா. விடு. கிடைக்கலைன்னு போட்டுடு.”

“இன்னொரு தரம் பார்க்கலாமே.”

“நாலு தரம் பார்த்தாச்சு. குழாயைக் கழட்டியா பார்க்கிறது? சர்ச்சுல திருட்டுன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்.”

சாவிக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் வாங்கிக் குடித்தார்கள். “அழகான இடம்மா” என்றான் அவன். “ஆமா” என்றாள் அவள். வேறென்ன சொல்வது? தண்ணீர் கொடுத்தது, பெட்டியை ஒளித்த பாவத்துக்குப் பரிகாரமாகுமா என்று யோசித்துக்கொண்டே காலிச் சொம்போடு திரும்பினாள்.

கணவனும் மனைவியும் பிரிந்துபோவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அடுத்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டினார்கள். அதன் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருடைய கம்பெனிக்குக் கிடைத்தது. ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வா என்றார்கள். மொட்டைமாடியில், மிஷின் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் கொடுத்தார்கள். அவளால் கூடப் போக முடியவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன வீடு வேலையோடு சேர்ந்தது. காலையில் மணி அடிக்க ஆள் அங்கேயே இருக்க வேண்டும். முதலில் சனிக்கிழமை தவறாமல் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு சட்டை, ஒரு போர்வை, ஷேவிங் செட் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார். அலமாரியில் அவர் பக்கத்துத் தட்டு காலியானது ஒருநாள் துடைக்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். இதற்கு யார் வருவார்கள்? மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் நின்றார்கள், சேர்ந்துதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முடிந்ததும் அவர் பஸ் ஏறிவிட்டார்.

பெட்டி விஷயம் ஒரு மழையில் ஆரம்பித்தது. குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் பொங்கியபோது பெட்டி நனைந்துவிடுமே என்று எடுத்துவந்து வெஸ்ட்ரியில் காயவைத்தாள். அப்போது திருமணம் ஒன்று, அடக்கம் ஒன்று என்று வேலை அடுத்தடுத்து வந்ததில் திரும்ப வைக்க மறந்துபோனாள். தேடி வந்தவர்கள் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். பெட்டிக்காரர் வந்து பார்த்து ஆவன செய்ய வேண்டும் என்பது விளையாட்டின் விதி. அந்த வார இறுதியில் அவர் வந்து நின்றார். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மனிதர், கையில் டூல்ஸ் பையோடு. பெட்டியைத் தேடினார், அவள் தன் மறதியைச் சொன்னதும் சிரித்தார், டீ குடித்தார், மணிக்கூண்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டார். சாயங்காலம்வரை இருந்தார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதருக்குப் புகார் வர வேண்டும். புகார் வந்தால் நடுச்சாமத்திலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். புகார் இல்லாத லிஃப்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அவளோ இத்தனை வருஷத்தில் ஒரு புகாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவ்வப்போது பெட்டி இடம் மாறும். சில நாள் செடிக்கு அடியில், சில நாள் விறகுக் குவியலில், ரொம்ப நாள் ஆகிவிட்டால் வெஸ்ட்ரி அலமாரியில். அவர் வருகிற நாளுக்குள் எங்கேயாவது கண்ணில் படுகிற மாதிரி வந்துவிடும். “நாய் இழுத்துப் போட்டிருக்கும்” என்பாள். அவரும் “இருக்கும்” என்பார்.

போன் அடித்தது. மகள்.

“என்னடி, சாப்பிட்டியா?”

“மணி பத்து. எதைக் கேக்குற, காலைச் சாப்பாட்டையா, மத்தியானத்தையா?”

“ரெண்டுல ஒண்ணு சாப்பிட்டிருப்ப இல்ல.”

“சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அம்மா, நாளைக்கு அப்பா அங்க வர்றார்.”

அவள் முகம் தானாக மலர்ந்தது. நல்லவேளை, போனில் முகம் தெரியாது. “பெட்டியைப் பார்க்கவா?”

“பார்க்க இல்ல. எடுக்க.”

“எடுக்கவா?”

“அந்த விளையாட்டுக்கு மேற்பார்வைக்குன்னு ஒருத்தர் இருக்காராம். இந்தப் பெட்டிக்குக் கிடைக்கல, கிடைக்கலன்னே வந்துக்கிட்டு இருக்கு, ஒழுங்காப் பார்த்துக்க முடியலைன்னா எடுத்துடுங்கன்னு எழுதிட்டாராம். அப்பாவும் சரின்னுட்டார்.”

“ஏன் சரின்னார்? இத்தனை நாள் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தார்?”

“அவருக்கும் அலுத்துப்போச்சும்மா. ரெண்டு பஸ் மாறி வர்றார். வந்து பார்த்தா பெட்டி இருக்கு. திரும்பிப் போனா காணோம். ‘தானா வந்து தானா போற ஃபால்ட்டை எந்தக் கொம்பனாலயும் சரி பண்ண முடியாது’ன்னு சொன்னார்.”

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொன்னார். ஆஸ்பத்திரியில கான்ட்ராக்டை நீட்டிக்கிறாங்களாம். அப்பாவுக்குக் கீழ்த் தளத்துல நல்ல ரூம், நிரந்தரமா. திங்கட்கிழமை கையெழுத்துப் போடணுமாம்.”

“நல்லதுதானே.”

“எது நல்லது?”

“வேலை நிலையா இருக்கிறது.”

“நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்ணிக்கிட்டு இருக்கீங்க? சண்டைன்னா சண்டைன்னு சொல்லுங்க. நான் லீவு போட்டுட்டு வந்து ரெண்டு பேரையும் உக்கார வச்சுத் திட்டிட்டுப் போறேன்.”

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லடி.”

“அதானே பிரச்சினையே.”

போனை வைத்த பிறகும் அவள் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகார் வந்தால் மெக்கானிக் வருவார் என்பதுவரைதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. புகார் ரொம்பப் போனால் லிஃப்டையே கழற்றிவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். இனி என்ன செய்வது? பெட்டியைத் திரும்பக் குழாய்க்குப் பின்னால் வைத்தால், எடுத்துக்கொண்டு போய்விடுவார். வைக்காவிட்டால், தொலைந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் அடுத்த தடவை என்று ஒன்று இல்லை.

வீட்டுக்கு வாங்க என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் விஷயம். வாய் என்னவோ அவளுக்கு உண்டு. கூரை ஒழுகுகிறது என்று சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கியவள். ஆர்கன் வாசிக்கும் பெரியவருக்குக் கண் ஆபரேஷனுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டவள். மகளுக்கு விடுதியில் ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று வார்டனையே வளைத்தவள். எல்லாம் அடுத்தவர்களுக்காக. தனக்கென்று கேட்க வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் மறுத்துவிட்டால்? மறுக்காமல், முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிட்டு வந்து, சலிப்போடு உட்கார்ந்திருந்தால்? அதைவிட இது மேல் என்று இத்தனை நாளை ஓட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை மணி அடித்து முடித்ததும் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தாள். குழாய்க்குப் பின்னாலேயே வைத்துவிடலாம், எடுத்துக்கொண்டு போகட்டும், நல்லபடியாக இருக்கட்டும் என்ற முடிவோடு கதவுவரை போயிருப்பாள்.

“சாவிக்காரம்மா, மைக்குல சத்தமே வரல. கொஞ்சம் வந்து பாருங்க” என்று குருவானவர் கூப்பிட்டார்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில் முழங்காலுக்குப் போடும் மெத்தைகள் அடுக்கியிருந்தன. பெட்டியை அதற்கு நடுவில் செருகிவிட்டு ஓடினாள். மைக்குக்கு ஒன்றுமில்லை, சுவிட்சைப் போடவில்லை. திரும்பி வருவதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பாட்டுப் புத்தகம், ஒருவருக்கு ஃபேன் பக்கத்தில் இடம். முதல் பாட்டு ஆரம்பித்தபோது கடைசி பெஞ்சில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

அவர்தான். ஆராதனை முடிந்து வருவார் என்று நினைத்திருந்தாள். பஸ் சீக்கிரம் கிடைத்திருக்கும். உட்கார்ந்த இடம்தான் கோளாறு. பெட்டிக்கும் அவர் முழங்கைக்கும் ஒரு சாண் இடைவெளி.

முழங்கால்படியிட வேண்டிய நேரம் வந்தது. அவர் கையை நீட்டி மெத்தை அடுக்கில் மேலிருந்து ஒன்றை எடுத்தார். அது போதவில்லை போலும், இன்னொன்றுக்கும் கை நீண்டது. அவள் ஜெபத்தின் நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தன் கையிலிருந்த மெத்தையை நீட்டினாள்.

“அது பூச்சி அரிச்சது. இதைப் போட்டுக்கோங்க.”

“ரெண்டு போட்டாத்தான் முட்டிக்கு ஆகுது இப்பல்லாம்.”

“இந்தாங்க, ரெண்டு.” முன் பெஞ்சிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் தலை நரைத்திருந்தது. கழுத்துப் பட்டை நைந்திருந்தது. துவைத்துத் தேய்த்த சட்டைதான், ஆனால் இதைப் போட வேண்டாம் என்று யாரும் பார்த்துச் சொல்லாத சட்டை. அவள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஜெபம் என்று எதுவும் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது ஆர்கன் பெரியவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“யாரிது, ஊருக்குப் புதுசா? விசிட்டர் புக்குல பேர் எழுதியாச்சா?”

“எழுதிடறேன்யா” என்று அவர் சிரித்தார்.

“அட்ரஸ் எதைப் போடுவே?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பெரியவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். கிழவருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் கண் நன்றாகவே தெரிகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருவரும் தெற்குச் சுவர்ப் பக்கம் நடந்தார்கள்.

“பெட்டியை எடுத்துடலாம்னு வந்தேன். பொண்ணு சொல்லியிருப்பாளே.”

“சொன்னா.”

“உனக்கும் ஒரு தொல்லை விட்டுது.”

“எனக்கு என்ன தொல்லை?”

“கண்ட ஆளுங்க வந்து மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரியறது. நீ பூ வைக்கிற இடத்தையெல்லாம் மிதிக்கிறது.” பேசிக்கொண்டே டார்ச்சை எடுத்துத் தரையில் குப்புறப் படுத்தார். குழாய்க்குப் பின்னால் வெளிச்சம் அடித்தார். கையை விட்டுத் துழாவினார். செடியடியைப் பார்த்தார், விறகுக் குவியலைக் கிளறினார், மறுபடி குழாய்க்கே வந்தார். ஒரு கோளாறைத் தேடும்போது அவருக்கு உலகமே மறந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் “பார்த்து, கல்லு குத்தப் போகுது” என்பது மாதிரி வேறு ஏதோதான் வெளியே வந்தது.

“இல்ல” என்றார் அவர் கடைசியில். “இந்தத் தடவை நிஜமாவே போயிடுச்சு.”

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறுபடி முயன்று, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் போய்க் கையைக் கொடுத்தாள். பிடித்து எழுந்தார். முன்பெல்லாம் அந்தக் கையில் கிரீஸ் வாசனை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தலையணை உறைகூட அதே வாசனை அடிக்கும். இப்போது ஆஸ்பத்திரியில் கை துடைக்கிற மருந்து வாசனைதான் அடித்தது.

“சரி, விடு. எடுக்கிற வேலை மிச்சம்” என்றார். “நான் கிளம்பறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“டீ போட்டுத் தரேன்.”

“வேண்டாம். போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும். நாளைக்குக் காலையில ஆபீஸ் போகணும்.”

“கையெழுத்துப் போடவா?”

“ம்.”

அவர் டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜிப் சரியாகிவிட்டால் போய்விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

“கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேவாலயம் காலியாக இருந்தது. கடைசி பெஞ்சு ஓரம் குனிந்து, மெத்தைகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை உருவினாள். நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், பை ஒரு தோளில், பாதி திறந்தபடி. அவள் பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுக்கிய மெத்தைகளைப் பார்த்தார்.

வந்து உட்கார்ந்து மூடியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே பெயர் எழுதும் தாள்கள் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. யாரோ எப்போதோ விட்டுப்போன பொம்மைக் காரும் பொத்தானும் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. கூடக் கிடந்த பென்சிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசி மாதிரி கூராக இருந்தது.

“நாய் பென்சில் சீவுமா?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எத்தனை தடவை?”

“முதல் தடவை நிஜமாவே மறந்துட்டேன். மழைக்கு எடுத்து வச்சது.”

“அப்புறம்?”

“அப்புறமெல்லாம் நான்தான்.”

அவர் பென்சிலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அவர் முகத்தில் தெரிந்தது களைப்பு மட்டும்தான், அவள் தினமும் வெஸ்ட்ரிக் கண்ணாடியில் பார்க்கிற அதே களைப்பு.

“ரெண்டு பஸ் மாறி வர்றேன்” என்றார். “ஒவ்வொரு தடவையும் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வருவேன். குழாய் ஆடுதா, பொந்து பெருசாயிடுச்சா, தண்ணி அடிச்சுக்கிட்டுப் போகுதான்னு. மெக்கானிக்னு பேரு, ஒரு டிபன் பாக்ஸை ஒரு இடத்துல நிக்க வைக்க முடியலையேன்னு.”

“தெரியும். தப்புதான்.”

“எதுக்கும்மா?”

அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

“கோளாறுன்னாத்தான் நீங்க வருவீங்க” என்றாள்.

மேலே எங்கேயோ ஒரு வௌவால் சிறகடித்தது. நேற்றுச் சுரண்டிய இடமெல்லாம் நாளைக்கு மறுபடி சுரண்ட வேண்டும். அவர் முன்னால் இருந்த பித்தளைக் கழுகைப் பார்த்தார்.

“ஒரு போன் போட்டிருக்கலாமே” என்றார்.

“போட்டு என்ன சொல்றது? லைட் எரியலையா, குழாய் ஒழுகுதா? எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு தடவைகூட நீ ஒண்ணும் கேக்கல. சரி, நாம இல்லாமலே அங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுதுன்னு.” பெட்டியின் மூடியைச் சாத்தினார். “ஊரு பூராவுக்கும் கேட்டு வாங்கித் தர்ற. என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லையே நீ.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இடுப்பிலிருந்த சாவிக் கொத்து அழுத்தியது. அதைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள். முழங்கால் வலித்தது, முதுகு வலித்தது, காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதது இப்போதுதான் தெரிந்தது. இனிமேலும் எதையாவது ஒளித்து வைக்கத் தெம்பில்லை.

“கேளேன்” என்றார் அவர். “இப்பவாவது.”

நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பிய்த்து எடுத்தாள்.

“என்னங்க” என்றாள். “அந்த ரூம் வேண்டாம். வீட்டுக்கு வந்துடுங்க.”